ரெண்டு வரிசைக் குமிழி

இல்ல தம்பி, அந்தப் பக்கம் பாக்காதீங்க, அது வெறும் அலை நுரை. என் விரல் போற பக்கம் பாருங்க. பச்சைத் தண்ணி நீலமா மாறுற இடம் இருக்குல்ல, அதுக்குக் கொஞ்சம் இந்தாண்ட. சோத்துப் பானை கொதிக்க ஆரம்பிக்கிறப்ப ஓரத்துல மட்டும் குமிழி வருமே, அந்த மாதிரி. தெரியுதா? அதுல ரெண்டு வரிசை இருக்கு. முன்னால பொடிப்பொடியா வர்றது என் சம்சாரம் பிரேமலா. பின்னால பொளபொளன்னு பெருசா வர்றது அவன். ஜீவன். உங்க டைவிங் மாஸ்டரு.

எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா. இருபது வருசத்துக்கு மேல பக்கத்துல படுத்து அந்த மூச்சக் கேட்டவன் தம்பி நானு. கடலுக்கு அடியில போனா மட்டும் தெரியாமப் போயிருமா. ஆனா ஒண்ணு சொல்றேன், வீட்டுல அவ மூச்சு இப்படி இல்ல. வீட்டுல உக்காந்தா ஒரு பெருமூச்சு, சட்டிய இறக்கி வெச்சா ஒரு பெருமூச்சு. இங்க பாருங்க, எவ்ளோ நிதானமா, எண்ணி எண்ணிச் செலவு பண்ற மாதிரி விடுறா. அதப் பாத்தாதான் எனக்கு வயிறு எரியுது.

வாந்தி எடுத்ததுல ஒண்ணும் வெக்கம் இல்ல. இந்தாங்க, இஞ்சி மிட்டாய், வாயில போட்டு அடக்கிக்கிங்க. கீழ குனியாதீங்க, இன்னும் பொரட்டும். நம்ம போட்டுக்காரரு பாக் டின் இருக்காரே, பொறந்ததே இந்த மெர்சிங் கடல்லதான், காத்து புடிச்சா அவரே ஒரு நாள் இல்ல ஒரு நாள் கக்குவாராம். உங்களுக்கு என்ன, சிங்கப்பூர்ல ஏசி ரூம்ல உக்காந்து வேலை செய்யிற உடம்பு. ஜீவன்தான் சொல்லிட்டுப் போனானே, பிரேமலா பரீட்சை முடிஞ்சதும் உங்கள ஆழம் கம்மியான இடத்துல இறக்குறேன்னு. அதுவரைக்கும் நம்ம ரெண்டு பேருதான் பேச்சுத் துணை. பாக் டினுக்கு நம்ம பாஷை தெரியாது. அதுவும் நல்லதுதான்.

நானா. நான் இறங்க மாட்டேன். அதையும் சொல்றேன், இருங்க.

என் பேரு காளிதாஸ். செடெனாக்ல பழைய இரும்பு யாவாரம். பெரிய யார்டு. செம்பு, பித்தளை, அலுமினியம், பழைய லோரி எஞ்சினு, எது வந்தாலும் எடுப்பேன். லாபிஸ் பக்கம் எஸ்டேட்ல பொறந்தவன், ஆறாம் வகுப்போட சரி. மோட்டார் சைக்கிள் பின்னால சாக்கக் கட்டிகிட்டுக் கம்பம் கம்பமா, ஊர் ஊராப் போயி காலி டின்னு பொறுக்குனவன். இன்னைக்கு சொந்த லோரி ஓடுது. எல்லாம் இந்த வாயால வந்துச்சு. ஒரு சாமானப் பாத்தா பாதி வெலையிலேர்ந்துதான் நான் பேச்சே ஆரம்பிப்பேன். எதுத்தாப்ல இருக்குறவனுக்குக் கோவம் வரணும். எனக்கும் வரணும். அவன் எந்திரிச்சுப் போகணும், போடான்னு நான் சொல்லணும். அப்புறம் திரும்பி வருவான் பாருங்க, அங்கதான் வெலை உக்காந்திருக்கு. சீனத் தவுக்கே, பெரிய மொதலாளியா இருந்தாலும் சரி, நம்ம ஆளா இருந்தாலும் சரி, கோவம் வராத மனுசன் கெடையாது. அப்படித்தான் நெனச்சிகிட்டு இருந்தேன்.

இந்தக் கடலு சமாச்சாரத்த வீட்டுக்குக் கொண்டாந்ததே நான்தான். வேற யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அந்தக் கொரோனா நேரத்துல இங்க ஒரு டைவிங் கடைய இழுத்து மூடிட்டாங்க. முதுகுல மாட்டுறாங்களே காத்துத் தோங்கு, அத்தனையும் அலுமினியம். விடுவேனா. கடை சாமான் மொத்தத்தையும் பேசி முடிச்சு லோரியில ஏத்திட்டுப் போயி யார்டுல கொட்டுனேன். பிரேமலா அப்பதான் செனாய் பேக்டரி வேலைய விட்டுட்டு நம்ம யார்டுல எடை போட்டுகிட்டு இருந்தா. அந்தக் குவியல்லேர்ந்து ஒரு காம்பஸ எடுத்தா. கைக்கடிகாரம் மாதிரி கட்டிக்கிறது. வெச்சிக்கட்டுமான்னா. வெச்சிக்கோன்னேன். ரிப்பேர் சாமான்தான. எந்தப் பக்கம் திருப்புனாலும் அந்த ஊசி வடக்கக் காட்டல தம்பி, எங்க எஞ்சின் குவியலத்தான் காட்டுச்சு. இவ கிழக்கப் பாத்து நின்னாலும் அதான், மேற்கப் பாத்து நின்னாலும் அதான். கெட்டுப்போன சாமானக் கட்டிகிட்டுத் திரியிறா பாருன்னு வேலையாளுங்ககிட்ட சொல்லிச் சிரிச்சேன்.

அப்புறம் இவன் வந்தான். பழைய டைவிங் சாமான் வந்திருக்காமேன்னு கேட்டுகிட்டு. காது மறைக்கிற முடி, உப்புல வெளுத்து செம்பட்டையாக் கெடக்கு. தொந்தி கெடையாது. நம்ம லாபிஸ் பையன்தான், ஆனா பேச்சுல லாபிஸ் இல்ல. பிரேமலா தேத்தண்ணி கொண்டாந்து வெச்சா. அவ கையில காம்பஸப் பாத்தான். அக்கா, இது கெட்டுப்போகல, இந்த எடம்தான் சரியில்லைன்னான். என் எடத்த, தம்பி. என் யார்டுல நின்னுகிட்டு. வெளிய செம்பனைத் தோட்டத்து ரோட்டுக்குக் கூட்டிகிட்டுப் போனான். நான் எடை மேடையில நின்னு பாக்குறேன். ரெண்டு பேரும் குனிஞ்சு அவ மணிக்கட்டப் பாத்துகிட்டு நிக்கிறாங்க. இவ அப்படியே ஒரு சுத்து சுத்துறா. ஊசி நின்ன எடத்துலயே நிக்கிது போல. சிரிச்சா. அந்தச் சிரிப்ப இதுக்கு முன்னாடி எப்பப் பாத்தேன்னு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகத்துக்கு வரல. அன்னைக்கு அவனுக்கு நான் ஒத்த வெள்ளி கொறைக்கல.

அக்கான்னுதான் கூப்புடுறான், ஆமா. எல்லாரும் அக்கான்னுதான் ஆரம்பிப்பாங்க.

கண்ணால எதாவது பாத்தியான்னு நீங்க கேப்பீங்க. என் மகளும் அதத்தான் கேட்டா. பாக்கல. பாக்க முடியாத எடத்துலதான எல்லாம் நடக்குது. தரையில ஒருத்தன் என் பொண்டாட்டிகூட அரை மணி நேரம் காணாமப் போனா நான் சும்மா இருப்பேனா? செடெனாக்கே ரெண்டாயிருக்கும். இங்க என்னடான்னா நானே போட்டு வாடகை குடுத்து, நானே ஏணிய புடிச்சு, பத்திரமாப் போயிட்டு வாங்கன்னு அனுப்பி வைக்கிறேன்.

பாருங்க, நின்னுட்டாங்க. அதே எடத்துல குமிழி வருது. பயப்படாதீங்க, திரும்புறா. அதான் பரீட்சை. கட்டம் போடணும். நேராப் போயி, வலது பக்கம் ஒடிச்சு, மறுபடி ஒடிச்சு, மறுபடி ஒடிச்சு, கெளம்புன எடத்துக்கே வந்து நிக்கணும். அடியில வெறும் மணல்தான், கல்லு இல்ல, பவளம் இல்ல, ஒரு அடையாளமும் கெடையாது. வேணும்னுதான் இந்த எடத்தப் புடிச்சான். காம்பஸும் காலு அடிக்கிற எண்ணிக்கையும் மட்டும்தான் துணை. நீரோட்டம் ஒரு பக்கமாத் தள்ளும், அதுக்கும் சேத்துக் கணக்குப் போடணும். அவன் பின்னால வருவான், ஆனா வழி சொல்லக் கூடாது. அவ தப்பாப் போனாலும் தப்பாவே கூடப் போகணும்.

எனக்கு எல்லாம் தெரியும் தம்பி. அவளுக்குப் புக்கு எடுத்து வெச்சுக் கேள்வி கேட்டது யாருன்னு நெனச்சீங்க. காம்பஸச் சாய்ச்சுப் புடிச்சா ஊசி ஒட்டிக்கும். உடம்பு நேரா இருந்தாத்தான் கோடு நேரா இருக்கும். எழுத்துப் பரீட்சையா இருந்தா நான் பாஸு. நானும் ஒரு தடவ இறங்கிப் பாத்தேன். எந்தக் கழுதையாலயும் முடியிறது நம்மளால முடியாதான்னு. ரிசார்ட்டு நீச்சல் குளத்துலதான், கடல்லகூட இல்ல. ஒரு ஆள் ஆழம் போனதும் இந்தக் காதுல ஆணி அடிக்கிற மாதிரி. சின்ன வயசுல ரப்பர் மரத்து ஒட்டுப்பாலப் பொறுக்குனேன்னு எஸ்டேட் கங்காணி மண்டோர் விட்ட அறை, உள்ள ஜவ்வு கிழிஞ்சு கெடந்திருக்கு, இத்தன வருசம் எனக்கே தெரியாது. கண்ணு மங்கிருச்சு. எது மேல எது கீழன்னு புரியல. ஒரு கை வந்து என் கையப் புடிச்சு மெதுவா மேல கூட்டிகிட்டு வந்துச்சு, புள்ளைய ஸ்கூலுக்கு இட்டுட்டுப் போற மாதிரி. யாரு கைன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பிரேமலா தண்ணியில நின்னுகிட்டே பாத்தா. எனக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும், அவன்கிட்ட விரல வட்டமா வெச்சுக் காட்டுனா. எல்லாம் சரின்னு அர்த்தம். என்னப் பத்தின சேதிய அவன்கிட்ட கையால சொல்றா, நான் பக்கத்துல இருமிகிட்டு நிக்கிறேன்.

அந்தக் கை பாஷை இருக்கே, அதுதான் என்னக் கொல்றது. தண்ணிக்குள்ள பேச முடியாதுல்ல, எல்லாம் கைதான். கட்டை விரல மேல காட்டுனா நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, மேல போலாம்னு அர்த்தம். நீங்களும் தெரிஞ்சி வெச்சிக்கிங்க, மொத நாளு எல்லாரும் அந்தத் தப்பப் பண்ணுவாங்க. ரெண்டு ஆள்காட்டி விரலையும் சேத்து வெச்சா, இந்தா இப்படி, பிரியாம பக்கத்துலயே வான்னு அர்த்தம். எங்க எஸ்டேட்ல இதுக்கு வேற அர்த்தம் தம்பி. இதத்தான் அவ அவனப் பாத்துக் காட்டுறா. இறங்குற ஒவ்வொரு தடவையும் காட்டுறா.

இறங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர் சாமான ஒருத்தர் சரி பாக்கணும், அதுவும் ரூல்ஸு. காலையில நீங்களும் பாத்தீங்களே. இவ அவன் தோள் வார இழுத்துப் பாக்குறா. அவன் இவ இடுப்பு பெல்ட்ட இழுத்துப் பாக்குறான். நெஞ்சுகிட்ட ஒரு பட்டன அமுக்குறான், புஸ்ஸுன்னு காத்து வருது. நான் கட்டுன தாலி அந்த ரப்பர் சட்டைக்குள்ள கெடக்கு, அதுக்கு மேல அவன் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துகிட்டு இருக்கான். நான் அவளோட தண்ணி பாட்டில புடிச்சிகிட்டு நிக்கிறேன்.

சிரிக்காதீங்க. சரி சிரிங்க, உங்களுக்கு மூஞ்சில ரத்த ஓட்டம் வருது, நல்லதுதான்.

அன்னைக்கு மெர்சிங்ல ரொட்டி சானாய் கடையில மூணு பேரும் உக்காந்திருக்கோம். நான் செம்பு வெலை பத்திப் பேசிகிட்டு இருக்கேன். இவ அவனப் பாத்து கையில ஏதோ காட்டுறா. அவன் விரல மடக்கி ஏதோ காட்டுறான். ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. என்னான்னு கேட்டேன். ஒண்ணுமில்லங்க, காத்து இன்னும் எவ்ளோ மிச்சம் இருக்குன்னு கேட்டேன்னா. யாருக்கு? எனக்காம். மூச்சு விடாமப் பேசுறேனாம். மேசையத் தள்ளிட்டு எந்திரிச்சேன் பாருங்க, சுடு குழம்பு அத்தனையும் அவன் மடியில. கடையே திரும்பிப் பாத்துச்சு. அவன் என்ன பண்ணுனான் தெரியுமா. துணிய எடுத்துத் தொடச்சிகிட்டே, அண்ணே உங்க மேல படலையேன்னு கேக்குறான். கோவம் வரல தம்பி. கோவமே வராத ஆள்கிட்ட நான் எப்படி வெலை பேசுறது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது.

இந்தா, ரெண்டாவது மூலை. நல்லா ஒடிச்சிட்டா. கோணம் அப்படியே தச்சன் போட்ட மாதிரி இருக்கு.

தரையிலதான் மொதல்ல பழகுனா. எங்க வீட்டாண்ட தாமான் பாடாங்ல, புள்ளைங்க பந்து வெளையாடுற திடல்ல. தலைமேல பெரிய துண்டப் போட்டு மூடிக்கணும், குடிசை மாதிரி, கையில இருக்கிற காம்பஸ் மட்டும்தான் தெரியணும். செருப்பக் கழட்டி ஒரு எடத்துல வெச்சிட்டு அங்கேர்ந்து நடந்து கட்டம் போட்டு மறுபடி செருப்புலயே வந்து நிக்கணும். சாயந்தரம் ஊரே பாக்குது. பக்கத்து வீட்டு வெள்ளையம்மா, என்னா காளி, உன் பொண்டாட்டி என்ன வேண்டுதலுக்கு இப்படி மூடிகிட்டுச் சுத்துதுன்னு கேட்டுச்சு. ஆமா, உன் வாய் அடங்கணும்னு வேண்டுதல்னேன். ஒரு மாசம் பேசல.

மொதல்ல நான்தான் அவ பக்கத்துல நடந்தேன். பக்கத்துல நடக்குறவன் பேசக் கூடாது, ஆளு எதுலயாவது மோதுனா மட்டும் தொட்டு நிறுத்தணும், அவ்ளோதான் வேலை. என்னால முடியல. கொஞ்சம் இந்தாண்ட வா, பாத்து, ஏய் அந்தாண்ட அந்தாண்டன்னு சொல்லிகிட்டே வந்தேன், நேரா லோங்காங்ல போயி விழுந்தா. முட்டி வரைக்கும் சாக்கடைத் தண்ணி. துண்ட எடுத்தா, என்னப் பாத்தா. நீங்க பேசுறதக் கேட்டுதாங்க எனக்கு வழி தப்பிப் போகுதுன்னா. கோவமாக்கூடச் சொல்லல. அடுத்த வாரம் அவன் வந்து நடந்தான். வாயத் தொறக்கல. மூணு கட்டம் போட்டா, மூணு தடவையும் செருப்புல வந்து நின்னா. நான் ஐஸ் கச்சாங் வாங்கிக் குடுத்தேன், ரெண்டு பேருக்கும். வேற என்ன பண்ணச் சொல்றீங்க.

பாஸாயிட்டா என்ன ஆகும்னு கேளுங்க. அவனுக்குத் தீவுல ஒரு எடம் இருக்கு, டைவிங் சொல்லிக் குடுக்குற எடம். பொம்பளைங்க நெறைய வர்றாங்களாம், பொம்பள கைடு ஒருத்தங்க வேணுமாம். இன்னைக்கு இத முடிச்சா அவ அங்க வேலைக்குச் சேந்துரலாம். ரூம் குடுப்பாங்களாம். மழைக்காலம் முடிஞ்சு போட்டு விட ஆரம்பிச்சாங்கன்னா, அடுத்த மழைக்காலம் வரைக்கும் அங்கதான். மாசத்துல ஒரு தடவ வீட்டுக்கு வருவாளாம். நான் சமைச்ச சோத்த நானே தின்னுட்டு இரும்புக்கு நடுவுல உக்காந்திருக்கணும். அவன் தெனம் காலையில அவ பெல்ட்ட சரி பாத்துகிட்டு இருப்பான்.

பேசாம இருப்பேனா. வெலை பேசுனேன். கேரளா போலாம், ரொம்ப நாளாக் கேக்குறியேன்னேன். புது அடுப்படி கட்டித் தர்றேன்னேன். யார்ட உன் பேருக்கு எழுதிடுறேன்னு சொன்னேன் தம்பி. எங்கப்பன் எனக்கு ஒரு செருப்புகூட வாங்கித் தந்தவன் இல்ல, நான் என் ரத்தத்துல கட்டுன யார்டு அது. அவ உள்ளங்கையத் தூக்கி இப்படிக் காட்டுனா. நில்லுன்னு அர்த்தம். அப்புறம்தான் வாயத் தொறந்தா. உங்கள வேணாம்னு போகலைங்க, எனக்கு அங்க வழி தெரியுதுன்னா. கோவமா இருந்தா நான் திருப்பிக் கத்தியிருப்பேன். சும்மா சொன்னா. மக ரூபினி சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ணி, இத்தன வருசம் உங்க பின்னாலயே வந்தாங்கல்லப்பா, விடுங்கங்குறா. எல்லாரும் ஒரே பக்கம்.

நீங்களும் அந்தப் பக்கம்தான் போலருக்கு. பரவாயில்ல. கல்யாணம் ஆயிருச்சா? ஆகட்டும், அப்புறம் பேசுவோம்.

இருங்க. இருங்க இருங்க. என்னாச்சு அங்க. ரெண்டு வரிசை இருந்துச்சுல்ல, இப்ப ஒண்ணுதான வருது. உங்க கண்ணுக்கு ரெண்டு தெரியுதா? நல்லாப் பாருங்க, உங்க கண்ணு இளங்கண்ணு. ஒண்ணுதான். ஒட்டிட்டாங்க. ஒரு தோங்குல ரெண்டு பேரும் மூச்சு விடுறதுக்கு ஒரு பயிற்சி இருக்கு, அவன்கிட்ட இருக்குற இன்னொரு கொழாய இவ வாயில வெச்சிக்கணும், ஒருத்தர் தோள ஒருத்தர் புடிச்சிக்கணும். ஆனா அது இன்னைக்குப் பரீட்சையில இல்ல. இன்னைக்கு எதுக்கு அது. நடுக் கடல்ல, மணலுக்கு மேல, யாரும் பாக்காத எடத்துல.

ம். பிரிஞ்சிருச்சு. நீரோட்டத்துல குமிழி ஒண்ணா சேந்துருக்கும்னு சொல்றீங்களா. இருக்கலாம். உங்களுக்கு அப்படித் தோணுது. எனக்கு அப்படித் தோணாது. தோணுற மாதிரி மனசு இருந்தா நான் இந்த வெயில்ல இங்க உக்காந்திருப்பேனா.

கடைசிப் பக்கம் வந்துட்டா. இதான் முக்கியம். இதுல கால் எண்ணிக்கை ஒண்ணு தவறுனாலும் போச்சு. மேல வர்றப்ப போட்டு பக்கத்துல இருக்கணும், இங்கேர்ந்து கயித்த வீசுனா அவ கைக்கு எட்டணும், அதான் அவன் வெச்ச கணக்கு. அதத் தாண்டி எங்க வந்தாலும் பெயிலு. அப்புறம் மழைக்காலம் வந்துரும், அடுத்த வருசம்தான். ஒரு வருசத்துல என்னென்னமோ நடக்கலாம். வேற பொம்பள யாராவது அந்த வேலைக்கு வந்துரலாம். அவளுக்கே அலுத்துப் போகலாம்.

பாருங்களேன். எவ்ளோ நேரா வருது அந்தக் குமிழி. நீரோட்டம் இப்படித் தள்ளுது, ஒரு பொட்டு வளையல. எனக்குத் தெரியும் அவ செய்வான்னு. எடை மேடையில முள்ளு நிக்கிறதுக்கு முன்னாடி எடையச் சொல்றவ அவ.

நின்னுட்டா. அதே எடத்துல சுத்துறா. நங்கூரக் கயித்தத் தேடுறா.

ஆமா தம்பி, இங்கேர்ந்து ரொம்ப தூரம்தான். கயிறு எட்டாது. பந்து விளையாடுற பாடாங் அளவுக்கு இருக்கும். பாவம்னு சொல்லாதீங்க, அவ தப்பு பண்ணல. போட்டு அங்கதான் நின்னுச்சு. அவங்க இறங்குன கொஞ்ச நேரத்துல நங்கூரத்தத் தூக்கச் சொன்னது நான்தான்.

எஞ்சின் போடல, போடுவேனா, நான் என்ன கொலைகாரனா. கீழ ஆளு இருக்குறப்ப விசிறி சுத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா. நீரோட்டத்துல விட்டோம், தானா இங்க வந்துச்சு, மறுபடி போட்டோம். பாக் டின் மாட்டேன்னாரு. சிங்கப்பூர்த் தம்பி வாந்தி எடுத்துச் சாகுது, ஆட்டம் கம்மியான எடத்துல நிறுத்துங்கன்னு சொன்னேன். உங்களுக்காகத்தான்னு சொன்னேன். அப்பவும் மாட்டேன்னாரு. பேசுனேன். இப்ப அவரு வாயத் தொறக்க மாட்டாரு, ஆளு கீழ இருக்குறப்ப நங்கூரத்தத் தூக்குனாருன்னு தெரிஞ்சா அவரு லைசன்ஸ் போயிரும்.

நீங்க கண்ண மூடிப் படுத்திருந்தீங்க. தூங்குறீங்கன்னுதான் நெனச்சேன். சங்கிலி சத்தம் வந்ததும் தலையத் தூக்கிப் பாத்தீங்க. என் கண்ண நேராப் பாத்தீங்க. அதான் வந்து பக்கத்துல உக்காந்தேன்.

மேல வந்துட்டாங்க. அந்தா, ஆரஞ்சு கலர் தொப்பி அவ. பின்னால அவன்.

கேளுங்க தம்பி, நேரம் இல்ல. ஜீவன் வந்து நங்கூரம் இழுத்துகிட்டுப் போயிருச்சான்னு கேப்பான். நான் இல்லம்பேன், நம்ப மாட்டான். பாக் டின் இல்லம்பாரு, அவரு என் காசு வாங்குன ஆளு. உங்களத்தான் கேப்பாங்க. நீங்க வெளியாளு, படிச்சவரு, உங்களுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. பொய் சொல்லச் சொல்லல. படுத்துட்டேன், எதுவும் பாக்கலைன்னு மட்டும் சொல்லுங்க. அதுகூட வேணாம், இவ்ளோ நேரம் நான் பேசப் பேச எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. ஏன் அப்படிப் பாக்குறீங்க. ஒரு குடும்பம் தம்பி. உங்க வீட்டுலயும் அம்மா அப்பா இருப்பாங்கல்ல.

அவ ஏன் நீந்தி வராம அங்கயே நிக்கிறா. பாக் டின் கை காட்டுறாரு, பாக்க மாட்டேங்குறா. கைய மூஞ்சிக்கு நேராத் தூக்கி, என்ன பண்றா அவ. காம்பஸு. திங்கித் தீவு மலை உச்சிய நேராப் புடிச்சுப் பாக்குறா. இப்ப திரும்பி அந்த மொட்டைப் பாறையப் பாக்குறா. ரெண்டு எடத்தப் பாத்துக் கோணம் எடுத்துட்டா நம்ம நிக்கிற எடம் கடல்ல எங்கன்னு புள்ளி வெச்ச மாதிரி தெரிஞ்சிரும். இறங்குறதுக்கு முன்னாடியும் எடுத்திருப்பா, ரெண்டும் ஒண்ணா இருந்தா நகந்தது அவ இல்ல, போட்டுதான்னு தெரிஞ்சிரும். நான் அப்பப் பாக் டின்கிட்டப் பேசிகிட்டு இருந்தேன், கவனிக்கல.

ஜீவன் ஏதோ கேக்குறான். அவ அவனப் பாக்கவே இல்ல.

என்னப் பாக்குறா.

நீங்க உக்காருங்க தம்பி, விழுந்துராதீங்க. உங்ககிட்ட அவ ஒண்ணும் கேக்க மாட்டா போல.